லேப்டாப்பு எந்திரிக்காத ஞாயித்துக்கெழமைங்க

"தம்பி, எந்திரிக்க மாட்டேங்குதுடா."

போன எடுத்த ஒடனே அடுத்த தெரு அங்கிள் இப்படித்தான் ஆரம்பிப்பாரு. பக்கத்துல நிக்கறவன் கேட்டா, வீட்ல யாரோ ஒடம்பு முடியாம படுத்துட்டாங்கன்னு நெனச்சு மூஞ்ச சோகமா வெச்சிப்பான். எங்க கட மொதலாளி, எங்களுக்கு போஸ், ஒரு தடவ கையில இருந்த ஸ்க்ரூடிரைவர கீழ வெச்சிட்டு, "போயிட்டு வாடா, கடைய நான் பாத்துக்கறேன். எந்த ஆஸ்பத்திரி?"ன்னு கேட்டாரு. படுத்திருந்தது லேப்டாப்பு. நான் ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டு கெளம்பிட்டேன். லீவு தானா வந்து மடியில விழுந்தா எவன்லா வேணாங்குவான்?

நமக்கு வேல கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல, லேப்டாப்பும் போனும் ரிப்பேர் பண்ற கடையில. இந்தப் பக்கம் பூக்கட, அந்தப் பக்கம் வாழையெல சாப்பாட்டுக் கட, நடுவுல நாங்க. கஸ்டமர் லேப்டாப்ப திருப்பி வாங்கிட்டுப் போனா அதுல மல்லியப்பூவும் மீன் கறியும் சேந்து மணக்கும். வீடு கிள்ளான் பக்கம் பண்டமாரான்ல. படிப்பு மூனாம் பாரம், அதான் ஒம்பதாவது வரைக்கும்தான். அதுக்கு மேல ஸ்கூலும் என்ன தேடல, நானும் ஸ்கூல தேடல. ஆனா கை சும்மா இருக்காது. சின்ன வயசுலயே வீட்ல இருந்த ரேடியோ, காத்தாடி, ரைஸ் குக்கர் எல்லாத்தயும் தொறந்து பாத்துட்டேன். அதுல பாதிய திரும்ப மூடியும் இருக்கேன்.

அதனாலதான் அவ எனக்கு ரொசாக்குன்னு பேரு வெச்சா. மலாய்ல கெட்டுப்போனதுன்னு அர்த்தம். நான் கை வெச்சா எதுவா இருந்தாலும் கெட்டுப்போயிடுமாம். தமிழ்ப்பள்ளியில வெச்ச பேரு, ஸ்கூல் பஸ்ல பரவி, பண்டமாரான் பூரா ஆயிடுச்சு. வேற எவனாவது அப்படிக் கூப்ட்டா மொறைப்பேன். அவ கூப்ட்டா திரும்பிப் பாப்பேன்.

அவ அங்கிளோட ரெண்டாவது மக. எங்க சந்துக்கு, அதான் லோரோங்குக்கு, அடுத்த லோரோங்கு. நல்லா படிச்சா, தாதி வேலைக்குப் போனா, அப்புறம் அயர்லாந்துக்குப் போயிட்டா. போறதுக்கு மொத நாளு சாயந்தரம் கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு நான் சொல்ல நெனச்சது ஒன்னு. வாயத் தொறந்தப்ப வந்தது, "அங்க பரோட்டா கெடைக்காதாமே." அவ சிரிச்சா. அப்புறம், "டேய், அப்பாகிட்ட என் பழைய லேப்டாப்ப குடுத்துட்டுப் போறேன். அத பாத்துக்க"ன்னா.

அவ்ளோதான். ஒரு லேப்டாப்ப பாத்துக்கன்னு யாரு வேணும்னாலும் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம். ஆனா அவ என்கிட்ட சொன்னா. அந்த ஒரு வார்த்தைய வெச்சிக்கிட்டு நான் அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வந்துக்கிட்டிருந்தேன். அது இல்லன்னா அந்த கேட்டத் தொறக்க எனக்கு வேற காரணமே இல்ல.

அங்கிள் போர்ட்டுல கன்டெய்னர் லோரி ஓட்டினவரு. இனிப்புநீர், அதான் சர்க்கர வியாதி, கண்ணுல எறங்கினதும் வேலைய விட்டுட்டாரு. போன்ல வீடியோ கால் போட்டா மக மூஞ்சி தீப்பெட்டி அளவுதான் தெரியுதுன்னு பொலம்புவாரு. லேப்டாப்புன்னா பெருசா தெரியும். அவளுக்கு சனிக்கெழம ராத்திரி டூட்டி. முடிச்சிட்டு ரூமுக்கு வந்து, தூங்கறதுக்கு முன்னாடி அப்பாவ கூப்புடுவா. அங்க காலையில, இங்க ஞாயித்துக்கெழம நாலு மணி. மத்த நாளெல்லாம் அவ டூட்டி மாறி மாறி வரும். அதனால வாரத்துல அந்த ஒரு நேரம்தான் அங்கிளுக்கு. அங்கிளுக்கு மட்டுமில்ல, அத இங்க எழுதித் தொலைக்கறேன்.

லேப்டாப்பு கதைக்கு வரேன். அது அவ காலேஜ் படிக்கும்போது வாங்கினது. விண்டோஸ் தொறக்கறதுக்குள்ள பால் ஊத்தாத ஒரு கோப்பி ஓ குடிச்சிட்டு, கிளாஸ கழுவி வெச்சிட்டு வந்துடலாம். புது விண்டோஸ் போடலாம்னு பாத்தா, இந்த மெஷினுக்கு வயசாயிடுச்சு, நான் ஏற மாட்டேன்னு அது சொல்லிடுச்சு. பேட்டரி வேற பொங்கி, கீபோர்ட முதுகுல தூக்கிக்கிட்டு நின்னிச்சு. வெடிச்சு கிடிச்சு வெக்கப்போவுதுன்னு அத கழட்டி எடுத்துட்டேன். "இனிமே பிளக்குல சொருவி வெச்சாத்தான் ஓடும் அங்கிள்"னு சொன்னேன். அந்த மாடலுக்கு பேட்டரி கெடைக்கறது கஷ்டம், வீட்லயே இருக்கற மெஷினுக்கு எதுக்குன்னு விட்டுட்டோம்.

"விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்னு ஒன்னு இருக்கு அங்கிள். அத போட்டா பறக்கும். காசே கெடையாது."

அங்கிள் கண்ணாடிய தூக்கிப் பாத்தாரு. "சும்மா குடுக்கறானா? சும்மா குடுக்கறவன் எதுக்குடா குடுக்கறான்?"

"நல்லவங்க அங்கிள். எல்லாரும் சேந்து செஞ்சு எல்லாருக்கும் குடுக்கறாங்க."

"கோயில் அன்னதானம் மாதிரியா?"

"அதேதான்."

"அன்னதானத்துல ரெண்டாவது தடவ சாம்பார் கேட்டா மொறைப்பாங்க. பாத்துக்க"ன்னாரு.

பென்டிரைவ்ல ஏத்திட்டு வந்து, ஆன்டி குடுத்த வாழப்பழ பஜ்ஜி, பிசாங் கோரேங்க தின்னுக்கிட்டே போட்டேன். நல்லா ஏறிச்சு. பென்டிரைவ கழட்டிட்டு திரும்பத் தொறந்தா, தொறக்கறதுக்கு உள்ள ஒன்னுமே இல்லன்னு கறுப்பு ஸ்க்ரீன்ல எழுதிக் காட்டுது. ஆன்டி எட்டிப் பாத்துட்டு, "போச்சா?"ன்னு கேட்டாங்க. ஒன்னும் போகல. மெஷின் மொதல்ல எங்க தேடணும்னு ஒரு வரிசை இருக்கு. கிளினிக்குல நம்பர் வாங்கிட்டு ஒக்காந்திருப்போமே, அது மாதிரி. நம்ம லினக்ஸ் கடைசி பெஞ்சுல ஒக்காந்திருந்துச்சு, என்ன மாதிரியே. உள்ள போயி அத முன்னாடி கொண்டாந்து வெச்சேன். எந்திரிச்சிடுச்சு. அங்கிள் கை தட்டினாரு. அவளுக்கு ஒடனே மெசேஜ் போட்டேன், "உன் லேப்டாப்புக்கு மறுபிறவி குடுத்துட்டேன்." அவ பதில் போட்டா, "ரொசாக்கு கையிலயா? நான் நம்ப மாட்டேன்."

அவ சொன்னது சரியாப் போச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம எனக்கு கட மதியத்துக்கு மேலதான் முடிஞ்சிச்சு. மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு ஃபெடரல் ஹைவேல வரேன், ஷா ஆலம் கிட்ட வானம் இருட்டிக்கிட்டு ஊத்துது. நம்ம ஊரு சாயந்தர மழையப் பத்தி யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. மோட்டர் லேன்ல வந்த அத்தன பேரும் பாலத்துக்கு அடியில ஒதுங்கினோம். சாப்பாடு டெலிவரி பண்றவங்க, பேக்டரில வேல செய்யற பங்களாதேஷ் பசங்க, ஒரு மலாய்க்கார அண்ணன், மடியில மீன் தொட்டிய வெச்சிக்கிட்டு பின் சீட்டுல ஒக்காந்திருந்த அவரு பொண்டாட்டி. இடி ஒவ்வொன்னும் பாலத்துலயே விழுந்த மாதிரி இருந்துச்சு. நான் போன பாத்துக்கிட்டு நின்னேன். இந்நேரம் அவ பேச ஆரம்பிச்சிருப்பா. நான் ஓரமா நின்னு "கேமரா சரியா தெரியுதா?"ன்னு ஒரு வார்த்த கேக்கலாம்னு நெனச்சிருந்தேன். கேமரா சரியாத்தான் தெரியும், எனக்கே தெரியும்.

போன் அடிச்சிச்சு. "தம்பி, நல்லாத்தான் பேசிட்டு இருந்தோம், பொசுக்குன்னு போச்சு. இப்ப எந்திரிக்க மாட்டேங்குதுடா."

நனைஞ்ச கோழி மாதிரி போயி எறங்கினப்ப மழ விட்டிருந்துச்சு. வீட்ல லைட்டு, காத்தாடி, டீவி எல்லாம் ஓடுது. லேப்டாப்பு மட்டும் கறுப்பா நிக்குது, வெள்ள எழுத்துல இங்கிலீஷ்ல என்னமோ திட்டுது. ஹார்ட் டிஸ்க் வட்டுல கணக்கு ஒதைக்குது, நீயே கைப்பட சரி பண்ணுன்னு அர்த்தம். எஃப் எஸ் சி கேன்னு ஒரு கமாண்டு இருக்கு. அத அடிச்சா அது ஒவ்வொன்னா கேக்கும், சரி பண்ணவா, சரி பண்ணவான்னு. எல்லாத்துக்கும் ஆமாம்னு சொன்னேன். எந்திரிச்சிடுச்சு. அதுக்குள்ள அவ தூங்கிட்டா.

அதுக்கடுத்த ஞாயிறும் பாலத்துக்கு அடியிலதான். அதே நேரம், அதே போன். அந்த தடவ அப்டேட் ஏறிக்கிட்டு இருக்கும்போது போயிருக்கு போல. தொறந்தா கெர்னல், அதான் லினக்ஸோட மூள, பீதியடைஞ்சிடுச்சுன்னு வருது. நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்கும், கெர்னல் பேனிக்குன்னு. அங்கிள் கேட்டாரு, "எதுக்குடா அது பயப்படுது? வீட்ல நானும் ஆன்டியும்தான இருக்கோம்?" நான், "ஆன்டிய பாத்துத்தான் அங்கிள்"னேன். குசினிக்குள்ளேர்ந்து கரண்டி சத்தம் வந்துச்சு. மெனுவுல பழைய கெர்னல தேடிப் புடிச்சு எழுப்பி விட்டேன். அவ மறுபடியும் தூங்கிட்டா.

நான் வட்டு போச்சுன்னு முடிவு பண்ணி, கடையில இருந்த ஒரு நல்ல எஸ்எஸ்டிய போட்டு, திரும்ப முழுசா ஏத்தினேன். அந்த வாரம் ஞாயித்துக்கெழம வானம் வெள்ளையா, காயப்போட்ட வேட்டி மாதிரி. சொட்டு மழ இல்ல. ஆனா அன்னிக்கின்னு கடையில ஒரு வேல என்ன புடிச்சு வெச்சிடுச்சு, நான் போகல. கால் ஒரு தடங்கலும் இல்லாம நடந்துச்சுன்னு அங்கிள் சொன்னாரு. ஒரு மணி நேரம் பேசினாங்களாம். அவ என்ன சொன்னான்னு கேட்டேன். "ஒன்னக் கேட்டாடா, அவன் என்ன செய்யறான்னு." நான் என்ன செய்யறேன்னு அங்கிள் சொன்னாரான்னு கேட்டேன். "லேப்டாப்பு ரிப்பேர் பண்றான்னு சொன்னேன்." அவ்ளோதானா? அவ்ளோதான்.

அந்த வாரம் முழுக்க நான்தான் ராஜா. போஸ்கிட்டயே லினக்ஸப் பத்தி கிளாஸ் எடுத்தேன். வட்ட மாத்தினதுதான் காரணம்னு ஊரு பூரா சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மழ. பாலம். போன்.

இந்த தடவ வீட்ல மாப்ளயும் இருந்தாரு. அங்கிளோட மூத்த மக வீட்டுக்காரரு. பெட்டாலிங் ஜெயாவுல பெரிய ஆபீஸ்ல வேல, ஐடி டிப்பார்ட்மென்ட்டுக்கு பக்கத்து ரூமு. பக்கத்து ரூம்ல ஒக்காந்தே எல்லாம் கத்துக்கிட்ட மாதிரி பேசுவாரு. நான் ஈரத்தோட கீழ ஒக்காந்து கமாண்டு அடிச்சிக்கிட்டு இருக்கேன், அவரு கைய கட்டிக்கிட்டு மேல நின்னு பாக்கறாரு.

"ப்ரோ, ஓசியில கெடைக்கறத போட்டா இப்படித்தான்லா. நான் அடுத்த வாரம் ஒரு டேப்லெட் வாங்கியாந்து வெச்சிடறேன் மாமா. தொட்டா ஓடும். எவனும் வந்து வந்து பாக்க வேணாம்."

எவனும் வந்து வந்து பாக்க வேணாம். அவரு நல்லதுக்குத்தான் சொன்னாரு, கெட்ட மனுஷன் இல்ல. அங்கிள் என்னப் பாத்தாரு. நான் கீபோர்டப் பாத்தேன். "டேப்லெட் நல்லதுதான் அண்ணே. ஒடைஞ்சா தட்டா வெச்சி சாப்புடலாம்"னேன். யாரும் சிரிக்கல.

அந்த வாரம் கடையில எனக்கு கையே ஓடல. ஸ்லீப்புல போறதா, சூடு ஏறுதா, மெமரி லூசா, ஒவ்வொன்னா யோசிச்சேன். லேப்டாப்ப கொமுட்டர் ரயில்ல பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் தூக்கிட்டு வந்து, கடையில நாள் பூரா ஓட விட்டேன். சமத்தா ஓடுது. பண்டமாரான்ல வெச்சா, அதுவும் ஞாயித்துக்கெழமன்னா படுத்துக்குது. என்னமோ அவ குரல கேட்டாத்தான் மயக்கம் போடுற மாதிரி. அத நான் தப்பு சொல்ல முடியாது.

கடைசியில, என்ன நடக்குதுன்னு கண்ணால பாத்தாத்தான் ஆவும்னு போஸ்கிட்ட ஞாயித்துக்கெழம லீவு கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலதான் இன்னும் இருக்காரா?"

"கஷ்டம்தான் போஸ். இந்த வாரம் தெரிஞ்சிடும்."

மதியமே போயிட்டேன். ஆன்டி சோறு போட்டாங்க, நெத்திலி சம்பலும் கீரையும். மாப்ள டேப்லெட்டோட வந்தாரு, பெட்டிய பிரிச்சு ஸ்டாண்டுல நிக்க வெச்சாரு. மேசையில இந்தப் பக்கம் என் லேப்டாப்பு, அந்தப் பக்கம் அவரு டேப்லெட்டு, பொண்ணு பாக்க ரெண்டு மாப்ள வீடு ஒரே நேரத்துல வந்த மாதிரி. அங்கிள், "மொதல்ல இதுல பேசுவோம். படுத்துக்கிச்சுன்னா அதுல பேசிக்கலாம்"னு நியாயம் சொன்னாரு.

நாலு மணிக்கு அவ வந்தா.

ரொம்ப நாளாச்சு. மெசேஜ்ல பேசறது வேற. தலைய தூக்கிக் கட்டியிருந்தா, கண்ணுக்குக் கீழ கறுத்திருந்துச்சு, பின்னாடி செவுத்துல ஒரு கனமான கோட்டு தொங்குது. சூட்டுக்கு கையில கப்ப புடிச்சிக்கிட்டு இருந்தா. அப்பாகிட்ட மருந்து போட்டீங்களான்னு கேட்டா, அம்மாகிட்ட முட்டிவலி எப்படின்னு கேட்டா, அத்தானுக்கு வணக்கம் வெச்சா. அப்புறம் ஓரத்துல பாதி மூஞ்சியா தெரிஞ்ச என்னப் பாத்துட்டா.

"டேய் ரொசாக்கு! நீயா அது? என்னடா எளச்சிட்ட?"

நான் வாயத் தொறந்தேன். அந்த தடவ பரோட்டா இல்ல. சத்தியமா வேற ஒன்னுதான் நாக்குல வந்து நின்னிச்சு.

தூரத்துல போர்ட்டு பக்கம் ஒரு இடி. பெருசு கூட இல்ல, லேசா உருட்டினிச்சு. ஆன்டி முட்டிவலிய மறந்து எந்திரிச்சாங்க. டீவி சுவிச்ச தட்டி பிளக்க உருவினாங்க. ரைஸ் குக்கர உருவினாங்க. மாப்ள காலுக்கு நடுவுல குனிஞ்சு மோடத்த உருவினாங்க. அவங்க மாப்ள முன்னாடி ஒக்காரக்கூட மாட்டாங்க, அப்படிப்பட்டவங்க. அப்புறம் என் தோளுக்கு மேல கைய நீட்டி, மேசைக்குப் பின்னாடி, டக்.

அவ போயிட்டா. கறுப்பு ஸ்க்ரீன்ல என் மூஞ்சிதான் தெரிஞ்சிச்சு, வாயத் தொறந்தபடி.

மாப்ள சிரிச்சிக்கிட்டே டேப்லெட்ட முன்னாடி இழுத்தாரு. "இதுக்குத்தான் சொன்னேன்"னு தொட்டாரு. வட்டம் சுத்துது. சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. "வைஃபை வரலியே"ன்னாரு.

"மோடத்த உங்க மாமியார் கையில வெச்சிருக்காங்க அண்ணே"ன்னேன்.

அங்கிளுக்கு சிரிப்பு தாங்கல, இருமிட்டாரு. எனக்கு சிரிப்பு வரல. "ஆன்டி, ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் புடுங்கறீங்களா?"

"வாரமா? தெனமும்தான்டா. இடி இடிக்குதுல்ல? எதிர்வீட்ல அப்படி விட்டுட்டு, டீவி பொகஞ்சு செவுரே கறுத்துப் போச்சு. ஏன், உங்கம்மா கழட்ட மாட்டாங்களா?"

கழட்டுவாங்க. நானே எத்தன தடவ கழட்டியிருக்கேன். மொத இடிக்கு அம்மா கத்துவாங்க, நான் ஓடிப்போயி மோடத்த புடுங்குவேன். இந்த ஊர்ல எந்த வீட்லதான் புடுங்க மாட்டாங்க? அதனாலதான் நான் கேக்கவே இல்ல, அங்கிளும் சொல்லவே இல்ல. "ஏன் அங்கிள் சொல்லல?"ன்னா, அவரு கேக்கறாரு, "இடி இடிச்சா எல்லாமும்தான் நிக்கும். அது என்ன சேதியா? நின்னது திரும்ப எந்திரிக்கணும்ல? அதத்தான ஒன்கிட்ட சொன்னேன்?"

எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட்ட புடுங்கினா அது எந்த எடத்துல விட்டோம்னு தெரியாம முழிக்கும். நல்லா தூங்கறவன கட்டிலோட தூக்கி ரோட்டுல போட்ட மாதிரி. பேட்டரி இருந்திருந்தா ஒன்னும் ஆயிருக்காது. நான் பாலத்துக்கு அடியில நிக்கும்போது ஆன்டி பிளக்க கழட்டுவாங்க. மழ விட்டு நான் வர்றதுக்குள்ள எல்லாத்தயும் திரும்ப சொருவி வெச்சிடுவாங்க. மழைதான் கழட்ட வெச்சிச்சு, அதே மழைதான் என்ன வர விடாம நிறுத்தி வெச்சிச்சு. நான் எங்க போயி சொல்றது?

ஆன்டிகிட்ட கெஞ்சிப் பாத்தோம், இத மட்டும் விட்டுடுங்கன்னு. "மின்னல் வயர்ல வந்து என் புருஷன் மூஞ்சில அடிச்சா நீ வந்து ரிப்பேர் பண்ணுவியா?"ன்னாங்க. பேச்சு முடிஞ்சுது.

கடைக்குப் பின்னாடி ஆளு வராத லேப்டாப்புங்க ஒரு மலையா கெடக்கும். அந்த வாரம் தெனமும் மத்தியானம் சோத்த சீக்கிரம் முடிச்சிட்டு அந்த மலையில தேடினேன். அதே மாடல் கெடைக்கல, அண்ணன் தம்பி மாடல் ஒன்னு கெடச்சிச்சு. ஸ்க்ரீன் ஒடைஞ்சது, பேட்டரி உசுரோட. போஸ்கிட்ட, "இத எடுத்துக்கவா, பேஷண்டுக்கு"ன்னு கேட்டேன். அவரு என்ன ரொம்ப நேரம் பாத்துட்டு, "பொம்பள பேஷண்டாடா?"ன்னாரு. நான் பேட்டரியத் தொடைக்க ஆரம்பிச்சேன். "எடுத்துட்டுப் போ"ன்னாரு.

ஞாயித்துக்கெழம வந்துச்சு. மாப்ள வரல, டேப்லெட்டு ஷோகேஸ்ல சாமி படத்துக்குப் பக்கத்துல நிக்குது. நான் பேட்டரிய போட்டு, என் போன்ல ஹாட்ஸ்பாட்ட தொறந்து சட்ட பாக்கெட்டுல வெச்சிக்கிட்டேன். மோடம் போனாலும் லைன் கட் ஆகாது. என் நெஞ்சு கிட்டேர்ந்துதான் அவளுக்கு லைன் போவுதுன்னு நெனச்சுக்கிட்டேன், நெனைக்க காசா?

அன்னிக்கு அவ ரொம்ப களைச்சுப் போயிருந்தா. வார்டுல யாரோ தவறிட்டாங்களாம். சும்மா அப்பா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு, எதுர் சோஃபாவுல, ஸ்க்ரீனுக்குப் பின் பக்கம் ஒக்காந்தேன். வாரம் பூரா யோசிச்சு வெச்சத எந்த எடத்துல நொழைக்கறதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

இடி இடிச்சிச்சு. ஆன்டி எந்திரிச்சு ஒவ்வொன்னா உருவினாங்க. டக், டக், டக். எங்க மேசைக்கும் வந்தாங்க, அதையும் உருவினாங்க. நான் அங்கிள் மூஞ்சியப் பாத்தேன்.

"அம்மா, அங்க இடியா இடிக்குது?"ன்னு அவ குரல் வந்துச்சு.

நிக்கல. ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அங்கிள் மேசையத் தட்டினாரு.

"மழ வந்துடுச்சாப்பா? எனக்குக் காட்டுங்க. இங்க மழ பேய்ற மாதிரியே இல்லப்பா, பன்னீர் தெளிக்கிற மாதிரி தெளிக்குது. இடியே கெடையாது. காட்டுங்களேன்."

அங்கிள் என்னப் பாத்தாரு. நான் லேப்டாப்ப தட்டு மாதிரி ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வாசலுக்குப் போயி, கிரில் கதவு கிட்ட நின்னேன். மழ தகரத்துல விழுந்து எகிறுது. அவளுக்குக் காட்டணும்னா கேமராவ வெளிய திருப்பணும். திருப்பினேன். திருப்பினதும் அவ மூஞ்சி மழையப் பாத்துக்கிட்டு, நான் லேப்டாப்பு முதுகப் பாத்துக்கிட்டு நின்னேன். காலேஜ்ல ஒட்டின ஸ்டிக்கர பிச்ச தழும்பு அதுல இன்னும் இருக்கு.

"கேக்குதா?"ன்னு சத்தம் போட்டுக் கேட்டேன்.

"ம்"ன்னா. அங்கிள் ஒரு நாற்காலிய இழுத்துக்கிட்டு வந்து, கதவு ஓரமா, ஸ்க்ரீன் தெரியற பக்கமா ஒக்காந்தாரு. சாரல் அடிக்குது, அவரு தொடைக்கக்கூட இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவளப் பாத்துட்டு, வாயில வெரல வெச்சாரு.

"தூங்கிட்டாடா"ன்னு மெதுவா சொன்னாரு.

நான் பாக்கலாம்னு லேசா திருப்பினேன். அங்கிள் ஒடனே கைய ஆட்டினாரு. "திருப்பாத, திருப்பாத. மழ சத்தம் மாறினா முழிச்சிக்குவா. ராத்திரி பூரா நின்னிருக்கா, பாவம்."

"பேட்டரி எவ்ளோ இருக்குன்னு பாருங்க அங்கிள். மேல மூலையில நம்பர் இருக்கும்."

அவரு கண்ண சுருக்கிப் பாத்தாரு. "நம்பர் எனக்குத் தெரியல. அவ மூஞ்சி நல்லாத் தெரியுது."

அது பழைய பேட்டரி. எவ்ளோ நேரம் தாங்கும்னு எனக்கும் சொல்லத் தெரியல. ஆன்டி பின்னாடி வந்து நின்னு, ஒரு துண்ட எடுத்து என் தலையில போட்டுட்டுப் போனாங்க. வீட்ல ஒன்னும் ஓடல, காத்தாடி கூட. மழ மட்டும்தான். மழ விட்டா அவ முழிச்சிக்குவா, ஒரு வார்த்த பேசலாம்னு நெனச்சேன். விடாம பேஞ்சாலும் பரவால்லன்னு தோணிச்சு. கைதான் ரெண்டும் வலிச்சிச்சு.